நிலையில் படாத பந்து

எனக்குப் பந்தை நேராக அடிக்கத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு விளைந்தது என்ன என்று தெரிந்தவர்கள் யாரும் இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இருபத்தைந்து காலடித் தூரத்திலிருந்து, நாலடி அகலமுள்ள ஒரு வாசலுக்குள்ளும், அதற்குப் பின்னால் அதைவிடக் குறுகலான இன்னொரு வாசலுக்குள்ளும், படியில் இடிக்காமல் பக்கத்தில் உரசாமல் பந்தை அனுப்பிக் கொல்லைச் சுவரில் மோத வைப்பேன். தொடர்ந்து ஐம்பது முறை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் இதைச் செய்யக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். வேறு எவனுக்கும் இதைச் செய்யவேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான் காரணம்.

அந்த வீடு எங்களுடையது இல்லை. ஒரு செட்டியார் குடும்பத்துடையது. அவர்கள் சென்னையில் இருந்தார்கள். கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாட்களில் வீடு அடைந்து கிடக்கக் கூடாது, விளக்கு எரிய வேண்டும், கூட்டிப் பெருக்க வேண்டும் என்று எங்களைக் குடிவைத்திருந்தார்கள். அப்பா ஒக்கூரில் இருந்த கொஞ்ச நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து அரிசியும் காயும் இறக்கி வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். காரைக்குடியில் அம்மா, நான், என் தங்கை என்று மூன்று பேர். முகப்பும் முதல் கட்டும் பூட்டியிருக்கும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கொல்லை இவை மூன்றும் நாங்கள் புழங்குவதற்கு.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் தெருவிலிருந்து பின் தெரு வரைக்கும் நீளமாகக் கிடக்கும். எல்லா வாசலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கதவுகளையெல்லாம் திறந்து போட்டால் இந்தத் தெருவில் நிற்கிறவன் அந்தத் தெருவில் போகிற மாட்டைப் பார்க்கலாம். எதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பந்து அடிப்பதற்காகக் கட்டவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வெளியே இடமா இல்லை என்று கேட்பீர்கள். காரைக்குடியில் பொட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பொட்டல் முழுக்கக் கருவேல முள். எங்களிடம் இருந்தது ஒரே பந்து. தோல் பந்து, உள்ளே பிளாடர் வைத்து மேலே கயிறு கோத்துக் கட்டுவது. பொட்டலில் இரண்டு நாள் அடித்தால் மூன்றாம் நாள் சைக்கிள் கடையில் போய் நிற்க வேண்டும். பிளாடரில் நான்காவது ஒட்டுப் போட்டபோது சைக்கிள் கடைக்காரர், "தம்பி, இனிமே இதுல ஒட்டுக்கு மேல ஒட்டுத்தான் போடணும், ரப்பரு தெரியல" என்றார். தெருவில் அடித்தால் யார் வீட்டுக் குடத்திலாவது படும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஊர் டீமுக்கு மைதானம் கிடைக்கும். மற்ற ஆறு நாளும் நான் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு மணி நேரம், கடை விட்டு வந்து வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்ச நேரம். அதற்கு வீடுதான் தோது.

இரண்டாம் கட்டு முற்றத்தின் இந்தக் கோடியில் பந்தை வைத்து, மூன்றாம் கட்டு வாசல் வழியாக, கொல்லை வாசல் வழியாக, கொல்லைச் சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். முதல் நாள் அடித்த முதல் பந்து மூன்றாம் கட்டு வாசலின் நிலையில் பட்டது. மடார் என்று ஒரு சத்தம். அம்மியில் இருந்த அம்மா எழுந்து வந்தாள். கையெல்லாம் தேங்காய் அரைத்த ஈரம். பந்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்கு மேலே நீட்டிப் பிடித்தாள்.

"காலால ஒதைச்ச பந்த நிலையில அடிக்கிற. வெளங்குவியா நீ? இன்னொரு தடவ நிலையில பட்டுச்சு, பந்து கெணத்துக்குள்ள. நீயும் கூடவே குதிச்சுக்க."

நிலை என்பது அம்மாவுக்கு வெறும் மரம் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். படியை மிதிக்கக் கூடாது, படியில் உட்காரக் கூடாது, படிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. சாமி படத்தைக் கூடச் சமயத்தில் மறந்துவிடுவாள், நிலையை மறக்க மாட்டாள். அப்படிப்பட்ட நிலையில், மாட்டுத் தோலால் செய்ததை, காலால் உதைத்து அடிப்பது. எனக்கே கொஞ்சம் கூசியது. பிறகு நிலையில் படாமல் அடிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம். நிலையின் இரண்டு பக்கமும் எனக்கு நெருப்பு. நடுவில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு பாதை, அதற்குள் பந்து போய்விட வேண்டும். ஆரம்பத்தில் பத்துக்கு ஆறு, பிறகு பத்துக்கு எட்டு, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். தங்கை கொல்லையில் நின்று பந்தைப் பொறுக்கித் திருப்பி எறிவாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பாடப் புத்தகத்தை ஒரு கையில் வைத்துப் படித்துக்கொண்டே இன்னொரு கையால் பந்தை எறிவாள். அம்மா வத்தல் காயப் போட்டிருந்தால் அதைத் தாண்டி அடிப்பேன். வத்தலில் ஒன்றுகூட நசுங்காது. அவ்வளவு சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் நான் முன்வரிசையில் லெப்ட் இன். நன்றாக ஆடுகிறான் என்று பெயர் இருந்தது. கோல் மட்டும் விழாது. நான் அடித்தால் கோலி பிடித்துவிடுவான். தேவகோட்டை டீம் வந்தாலும் பிடிப்பான், புதுக்கோட்டை டீம் வந்தாலும் பிடிப்பான். எனக்கு வாய்க்கிற கோலிகளெல்லாம் பெரிய கெட்டிக்காரர்கள் என்று ஒன்றரை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை.

ஒருநாள் தங்கை புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். "அண்ணே, நீ எப்ப அடிச்சாலும் பந்து நேரா எங்கிட்டதான் வருது. நான் நகரவே வேண்டியதில்ல. கோலியும் இப்பிடி நடுவுலதானே நிப்பான்?"

"போடி. பந்து பொறுக்குறவளுக்கு என்ன தெரியும்" என்றேன்.

மதுரையில் ஒரு மில். அந்த மில்லுக்குப் புட்பால் டீம் இருந்தது. டீமில் ஆள் குறைந்தால் வெளியூர்ப் பையன்களைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். எடுத்தால் மில்லில் நிரந்தர வேலை. பகலில் வேலை, சாயங்காலம் மைதானம். வேலையோடு குடியிருக்கக் குவார்ட்டர்ஸ். எங்கள் டீமின் கேப்டன் எனக்காக எழுதிப் போட்டு, தை மாதம் வரச் சொல்லிக் கார்டு வந்தது.

குவார்ட்டர்ஸ் என்ற சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். எத்தனை அறை, தண்ணீர் உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஒரு அறை, ஒரு அடுப்படி இருக்கும் என்றேன். "வாசல் இருக்கும்ல?" என்றாள். வாசல் இல்லாமல் எப்படி வீடு இருக்கும் என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை. நிலைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"அடுத்தவக வீட்டு நிலைக்கு எம்புட்டுக் காலத்துக்குத்தான் மஞ்ச பூசிக்கிட்டுக் கெடக்குறது? எடுபட்டு வந்துருடா."

அதுவரை அந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது.

தை மாதம் மதுரைக்குப் போனேன். மில் மைதானத்தில் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். டீமைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பெரியவர், தொப்பையில் வார் இறுக்கி, கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்தார். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஓடவிட்டார், பந்து கடத்தவிட்டார், எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் பெனால்டி பெட்டிக் கோட்டில் பந்தை வைத்து ஆளுக்குப் பத்து ஷாட். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாலடி வாசலுக்குள் அடித்தவனுக்கு எட்டு கஜக் கோல் எம்மாத்திரம்?

பத்தும் கோலியிடம்தான் போயிற்று. எட்டை அவன் நின்ற இடத்திலேயே பிடித்தான். ஒன்பதாவது அவன் நெஞ்சில் பட்டுத் திரும்பி வந்தது. பத்தாவதைப் பிடித்துவிட்டுக் கையை உதறினான். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, ஓங் காலு ரொம்பச் சுத்தம். இம்புட்டு நேரா அடிக்கிற பயல நான் பாத்ததே இல்ல. ஆனா நீ கோலு போட வந்தியா, கோலிக்குப் பந்து குடுக்க வந்தியா?"

நான் குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"கம்பத்தப் பாத்தா பயப்படுறியே, ஏன்? கம்பத்த ஒட்டி அடிக்கணும். கம்பத்துல பட்டாக்கூடத் தப்பில்ல. வைகாசியில இன்னொரு ஆளு எடுப்போம். அதுக்குள்ள மூலையில அடிக்கப் பழகிக்கிட்டு வா."

திருப்பத்தூர் வரும்வரை பஸ்ஸில் எதையும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குக் கம்பம். எனக்கு அது நிலையாகத் தெரிந்திருக்கிறது. பத்துத் தடவையும் நிலையில் படாமல் அடித்திருக்கிறேன். ஒன்றரை வருடம் முக்கி முக்கிப் பழகியது, கோலி நிற்கிற இடம் பார்த்து அடிப்பதற்குத்தான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது இப்படி ஒரு கூறுகெட்ட காரியம் நடக்குமா? என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தங்கை, "பந்து பொறுக்குறவளுக்கு என்ன தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லாததால் விட்டுவிட்டேன். அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் கொல்லைச் சுவரில் கரியால் கோல் போட்டேன். இரண்டு மூலையிலும் வட்டம் போட்டு, கிணற்றடியிலிருந்து அடித்தேன். நடுவில் போய்ப் பட்டது. மறுபடி அடித்தேன். நடுவில். வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவருவேன், கடைசி எட்டில் கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பத்து நாள் இப்படியே போயிற்று. சுவரின் நடுவில் மட்டும் காரை பெயர்ந்து செங்கல் தெரிய ஆரம்பித்தது. இரண்டு மூலையிலும் நான் போட்ட கரி அப்படியே இருந்தது.

அம்மா இதையெல்லாம் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பதினோராம் நாள் காலையில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்றாம் கட்டு வாசலில், படிக்கு அந்தப் பக்கமாக, சரியாக நடுவில் நின்றாள்.

"இங்குட்டு வா. பழைய எடத்துல வச்சு அடி."

"வெலகும்மா. வெளாட்டா இது?"

"அடிடா. எம் மேலயா அடிச்சிருவ?"

அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நிலை.

"நிலையில படும்மா."

"பட்டா பட்டுட்டுப் போகுது. வெள்ளிக்கெழம கழுவிக்கிறேன்."

பந்தைக் கிணற்றில் போடுவேன் என்று சொன்ன அதே அம்மா. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கை கொல்லையிலிருந்து, "அடிண்ணே, அம்மாவுக்கு அடுப்புல ஒல கொதிக்குது" என்று கத்தினாள்.

பெற்ற தாயை நோக்கி ஒருவன் பந்தை உதைப்பானா? நிலை பாவம் என்றால் இது அதைவிடப் பெரிய பாவம். கால் அன்றைக்குத்தான் முதன்முதலாக நடுவை விட்டு விலகியது. பந்து அவளுக்கு வலது பக்கமாகப் போய் நிலையில் மடார் என்று மோதியது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "அடுத்தது" என்றாள்.

தினமும் காலையில் இருபது பந்து. உலை வைத்துவிட்டு வந்து நிற்பாள், இருபது முடிந்ததும் போய் அரிசி போடுவாள். நிலையில் பட்டது, படியில் பட்டது, கதவில் பட்டது. மெதுவாக நிலைக்கும் அவளுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழத்துக்குள் போக ஆரம்பித்தது. அவளுக்கும் விவரம் வந்துவிட்டது. "இப்ப எடதுலன்னு நெனச்சிட்டு வலதுல அடிக்கிற, தோள்பட்டையே காட்டிக் குடுக்குது. கோலிப்பய கண்டுபிடிச்சிருவான்" என்பாள். மைதானம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

ஒருநாள் என் கால் வழுக்கியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள். பந்து நேராகப் போய் அம்மாவின் அடிவயிற்றில் அடித்தது. அவள் சத்தம் போடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நிலைப்படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய்க் காலடியில் விழுந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வயது தடியன்.

"இது ஒரு அடியா? ஒன்னையப் பெத்தத விடவா?" என்று எழுந்துகொண்டாள். "இன்னும் பதினாலு பாக்கி இருக்கு. எந்திரி."

அந்தப் பதினாலும் அவளுக்கு ஒரு முழம் தள்ளியே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு பந்துகூட அவளை நோக்கிப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் போயிருக்காது.

பங்குனியில் வீட்டுக்கார ஆச்சி ஒரு கல்யாணத்துக்காக வந்து இரண்டு நாள் தங்கினார்கள். அம்மா மஞ்சளை அப்பி அப்பிப் பூசியிருந்தாள், ஆனாலும் மஞ்சளுக்கு அடியில் வட்ட வட்டமாகத் தழும்பு தெரிந்தது. ஆச்சி விரலால் தடவிப் பார்த்தார்கள்.

"என்ன இது நிலையில?"

"எம் மகன் பந்தடிச்சது ஆச்சி. நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

"நிலையிலயா?"

"வேலைக்கு ஆச்சி. நல்லாப் பந்தடிச்சா மதுரையில மில்லு வேல தாராக. வீடும் குடுக்குறாக."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "அப்ப நீங்க எல்லாரும் போயிருவீக. வீட்ட யாரு பாப்பா?" என்றார்கள்.

"கெடைக்கட்டும் ஆச்சி" என்றாள் அம்மா.

ஆச்சி சென்னைக்குப் போவதற்குள் வேறொரு குடும்பத்தைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டுத்தான் போனார்கள். கோபத்தில் செய்தது இல்லை, வீடு அடைந்து கிடக்கக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. வைகாசிக்குப் பிறகு நாங்கள் போகிறோம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எடுபடாவிட்டால் எங்கே போவது? அம்மா அசரவில்லை. பாத்திரம் ஏனங்களில் எதை எடுத்துக்கொண்டு போவது, எதை ஒக்கூருக்கு அனுப்புவது என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள்.

வைகாசியில் மறுபடி மதுரை. இந்தத் தடவை எட்டுப் பேர். ஓட்டத்திலும் ஆட்டத்திலும் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம், நானும் திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவனும். இருந்தது ஒரே இடம். ஆளுக்கு ஐந்து பெனால்டி என்றார் மாஸ்டர். அவன் முதலில் அடித்தான். ஐந்தும் கோல்.

"நீயும் அஞ்சு போட்டீன்னா மறுபடி ஆளுக்கு அஞ்சு. ஒண்ணு போனாலும் போச்சு" என்றார் என்னிடம்.

முதல் பந்து வலது மூலை. இரண்டாவது இடது. மூன்றாவது மறுபடி இடது. கோலி மூன்று தடவையும் பாய்ந்தான், மூன்று தடவையும் பந்துக்கு அவன் விரல் எட்டவில்லை. நான்காவது வலது கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டு உள்ளே விழுந்தது. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னடா தம்பி, மூணு மாசத்துல காலையே மாத்திக்கிட்டு வந்திட்டியா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் மைதானத்துக்குப் பின்னாலேயே இருந்தது, வரிசையாக ஓட்டு வீடுகள். யாரோ ஒரு அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன்.

ஐந்தாவது பந்து. கோலி நான்கு வாங்கிய கடுப்பில் இருந்தான். நான் ஓடிவரும்போதே, இன்னும் மூன்று எட்டு இருக்கும்போதே, தன் இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. வலது மூலை அடிக்க நினைத்திருந்தேன், அவனும் அங்கேதான் விழுந்திருந்தான். நடு மொத்தமும் திறந்து கிடந்தது. மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். ஒன்றரை வருடம் ஐம்பது ஐம்பதாக அடித்த அதே பந்து. நேரம்கூட இருந்தது.

அடித்தேன். பந்து இடது கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

மாஸ்டர் தொப்பையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "நடு தொறந்து கெடந்துச்சேப்பா. போன தடவ பூராவும் நடுவுலதானே அடிச்ச" என்றார். திண்டுக்கல் பையன் வந்து கையைக் கொடுத்தான். கொடுத்தேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் பொழுது சாயவில்லை. இரண்டாம் கட்டில் ஏனங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கேட்டாள்.

"எத்தன?"

"நாலு."

"அஞ்சாவது?"

"வெளிய போயிருச்சு. அவன் அஞ்சும் போட்டுட்டான்."

அம்மா சாக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தங்கைக்குத்தான் ஆறவில்லை. எனக்காக ஒன்றரை வருடத்துக்கு மேல் கொல்லையில் நின்று பந்து பொறுக்கியவள். "கோலி எங்குட்டு விழுந்தான்?" என்றாள்.

"வலது மூலையில. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்."

"அப்ப நடு சும்மாதானே கெடந்திருக்கும்? ஒனக்குத்தான் அது கண்ண மூடிக்கிட்டு வருமே. அங்குட்டுத் தட்டிவிட வேண்டியதுதானே?"

பஸ் முழுக்க நான் யோசித்துக்கொண்டு வந்தது அதைத்தான். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பந்தில் காற்றில்லை என்றோ, கால் வழுக்கிவிட்டது என்றோ சொன்னால் நம்பியிருப்பார்கள். ஆனால் எனக்கு அப்போது பொய் வரவில்லை.

"அங்க அம்மால்ல நின்னுச்சு" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"நான் வெலகியிருக்க மாட்டேனாடா?" என்றாள்.